ரப்பர் கொட்டை வெடிக்கும் நேரம்

ஈப்போவின் கல்லுமலைக் கோயிலையும் வெள்ளைக் காப்பியையும் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜெலாப்பாங் என்றால் வடக்கேயிருந்து மலையிறங்கி வருகிறவர்களுக்குப் பழைய டோல் சாவடி ஞாபகம் வரும். அதையும் விடுங்கள். தாமான் வீடுகளுக்குப் பின்னால், தோட்டத்து மிச்சமாகச் சில பால்மரங்கள் நிற்கின்றன. அந்த நிழல் வழியாகச் சந்தைவரை நடப்போம், வாருங்கள்.

நல்ல வெயில் நேரம். தலைக்கு மேலே ‘பட்’டென்று ஒரு சத்தம். முற்றிய காய் காய்ந்து, முறுக்கேறி வெடிக்கிறது. ஒரு காய்க்குப் பெரும்பாலும் மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. வெடித்த வேகத்தில் தாய்மரத்தின் நிழலைத் தாண்டிப் போய் விழும். எடுத்துப் பாருங்கள்: வழவழப்பு, பழுப்பு நிறம், அதன்மேல் கருந்திட்டுகள். லயத்துப் பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டுச் சாமான் எதற்கு? சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்தால் அலறிவிடுவான். தோட்டத்தில் வளர்ந்த அண்ணன்மார், அக்காமார் இப்போது சிரித்திருப்பீர்கள்.

இந்தக் கொட்டை காத்திருக்காது. உள்ளே எண்ணெய்ப் பருப்பு. சில வாரங்களில் கெட்டு, முளைக்கும் சக்தி போய்விடும். 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து சுமார் 70,000 கொட்டைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை நூற்றுக்கு நான்குதான். மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது நம்முடைய கோலகங்சாருக்கு, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் வீட்டுத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் நிற்கிறது. ஜெலாப்பாங்கிலிருந்து காரில் கிளம்பினால் அதிக நேரம் ஆகாது; ஒருமுறை பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். நம் தாத்தா பாட்டிமார் இந்த மண்ணுக்குக் கப்பலேறி வந்ததற்கு அந்த நாலு பங்குக் கொட்டையும் ஒரு காரணம் அல்லவா?

சந்தைக்கு என்று கிளம்பினோம், இன்னும் மரத்தடியிலேயே நிற்கிறோம். இருக்கட்டும், கிளைக்கவட்டைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். பறவைக்கூட்டுப் பெரணி. பூவும் கிடையாது, காயும் கிடையாது. இலையின் அடிப்பக்கத்தில் நடுநரம்பிலிருந்து சீப்பின் பல் மாதிரி பழுப்புக் கோடுகள். அதில்தான் சிதல்கள் இருக்கின்றன. ஸ்போர் என்றும் சொல்வார்கள். முதிர்ந்த இலையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தாளில் பழுப்புத் தூள் படிந்திருக்கும். ஒவ்வொரு துகளும் ஒரே ஓர் உயிரணு! ரப்பர் கொட்டைக்குள் குட்டிச் செடியும் அதற்குச் சாப்பாடும் கூடவே இருக்கின்றன. இந்தத் துகளுக்கு அப்படிக் கட்டுச்சோறு எதுவும் கிடையாது. காற்றில் போய் ஈரமான இடத்தில் விழுந்தால் முதலில் ஒரு சின்னப் பச்சைத் தகடாக முளைக்கும், பெரும்பாலும் இதய வடிவில். அதன் அடியில், தண்ணீர்ப் படலத்தில் ஆணணு நீந்திப் போய் முட்டையைச் சேர்ந்த பிறகுதான் நாம் பார்க்கும் பெரணி எழும்பும். மழை பெய்யும் நம் ஊரில் அதற்கு என்ன குறை?

தோட்டத்தில் நிரை நிரையாக நின்றவை பெரும்பாலும் ஒட்டு மரங்கள். கொட்டையை முளைக்கவைத்து, நன்றாகப் பால் தரும் மரத்தின் மொட்டை அதில் ஒட்டி வளர்ப்பார்கள். பெரணியை யாரும் ஒட்டவில்லை, உரமும் போடவில்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைத் தண்டிலும் அது ஏறிக்கொண்டது. தாமானின் கால்வாய்ச் சுவரிலும் இருக்கிறது. எனக்கு அதன்மேல் அவ்வளவு மரியாதை.

இதோ சந்தை வந்துவிட்டது. எம்பிங் வறுவல் பாக்கெட் தொங்குகிறது பாருங்கள். பெலிஞ்சாவ் கொட்டையில் செய்வது. சிவப்புப் பழம் மாதிரித் தெரிந்தாலும் அது பழமே அல்ல, வெறும் விதைதான். ஊசியிலைப் பைன் மரத்தோடு சேர்ந்த இனம் அது!

பக்கத்திலேயே கட்டுக் கட்டாகப் பூச்சோக் பாக்கு, நம் சாப்பாட்டுப் பெரணி. நுனி சுருண்டு, ஒடித்தால் ‘டக்’கென்று முறிகிற கட்டாகப் பார்த்து எடுங்கள். விரிந்த இலை நாராக இருக்கும். சிலி பாடி, மஞ்சள், கொஞ்சம் இறால், தேங்காய்ப்பால். பால் கொதித்ததும் கீரையைப் போட்டு, வெந்தவுடன் இறக்கிவிடுங்கள். அடுப்பிலேயே விட்டால் குழைந்துவிடும்.