புதையுண்ட கடலைப் படித்தல்
(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



மாரி வெள்ளம் குளத்திற் புகும் இடத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கின்றோம். பருமணல் வாய்க்காலின் வாயிலிலேயே தங்கிவிடுகின்றது. மென்களியோ அசைவற்ற நடுக்குளம்வரை சென்று மெல்ல அடங்குகின்றது. ஆழ்கடலில் எண்ணெயும் வாயுவும் தேடுவோருக்கும் இச்சிறு காட்சியே வழிகாட்டி.

பெற்றோலியம் நிலத்தடியில் ஏரிபோல் தேங்கிக் கிடப்பதன்று. அதற்கு மூன்று பாறைகள் வேண்டும். ஒட்சிசன் குறைந்த அமைதியான நீரடியில், இறந்த நுண்ணுயிர்கள் உக்கிப்போகாது புதையுண்ட களிப்பாறை முதலாவது, இதுவே தாய்ப்பாறை. அதிற் பிறந்த எண்ணெயைத் தன் நுண்டுளைகளில் ஏந்தும் மணற்கல் இரண்டாவது. அது மேலெழுந்து தப்பாது மூடும் பாறை மூன்றாவது. ஆகவே, “இங்கே எண்ணெய் உண்டா?” என்று கேட்குமுன், “இவ்விடம் முன்னாளில் ஆறாயிருந்ததா, கழிமுகமாயிருந்ததா, ஆழ்கடலாயிருந்ததா?” என்று கேட்டல் வேண்டும். மணலின் பருமனும், நுண்ணுயிர்ச் சுவடுகளும், கடலடிப் படைகளிற் பட்டு மீளும் ஒலியலைகளும் விடை கூறும்.

நமது மன்னார்க் கடலை நோக்குவோம். கொண்டுவானாப் பெருநிலம் பிளவுண்ட காலத்தில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே நிலம் இழுபட்டுத் தாழ்ந்தது. அப்பள்ளத்தில் பல கோடி ஆண்டுகளாக மணலும் களியும் படிந்தன. 2011ஆம் ஆண்டில் அங்கே மூன்று கிணறுகள் தோண்டப்பட்டன. ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆழமுள்ள நீரில், டொராடோ, பரகூடா என்னும் இரண்டிலும் மணற்கல்லினுள்ளே இயற்கை வாயு காணப்பட்டது. டொராடோவில் அப்படையின் தடிப்பு ஏறக்குறைய 25 மீற்றர். டொராடோ வடக்கு எனப்பட்ட மூன்றாவதோ வெறுங்கிணறாயிற்று.

ஒரே கடல், ஒரே ஆண்டு, முடிவு வேறு. பழைய மணல் பாய் விரித்ததுபோல் எங்கும் ஒப்பப் படிவதில்லை. நீரோடிய தடத்திலே தடித்தும், விலகிய இடத்திலே மெலிந்தும் படியும். மணல் இருந்தும் மூடி இல்லையேல் வாயு தங்காது. ஆதலால் இவ்வறிவு தவறைக் குறைக்குமேயன்றி அறவே ஒழிக்காது.

தோண்டுங் கலத்தைப் பிறநாட்டிலிருந்து வாடகைக்கு அழைக்கலாம். நமது கடலின் சரிதத்தைப் படிக்கும் அறிவையும் என்றென்றும் வாடகைக்கு வாங்குதல் தகுமா? அவ்வாறாயின் நமது பொருளின் பெறுமதியைப் பிறரே நமக்குச் சொல்லுவர். நம்முட் சிலரேனும் புவிச்சரிதவியலைக் கற்க முன்வருவோம். பெரியோர்களும் வைத்தியம், பொறியியல் போன்று இதனையும் ஒரு கல்வியாக மதித்து வழிவிட வேண்டுகின்றோம்.

அடுத்த மாரியிற் குளக்கரைக்குச் செல்லும்போது, அம்மணலைச் சற்றுக் குனிந்து பாருங்கள்.