கோளாறா, பொருந்தாமையா?

கோலார் தங்கவயலில் கோரமண்டல் என்றொரு சிறு ரயில் நிலையம் உண்டு. சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்ட பின்னர், இவ்வூராரில் பலர் விடியற்காலையில் வண்டியேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர். சங்கொலி கேட்டுச் சுரங்கத்தில் இறங்கியவர் என் தந்தையார். வண்டியேறிச் சென்று மேசைமுன் அமர்ந்து மொழிபெயர்ப்பவன் நான். என் மகனோ பத்து நிமிடம் ஓரிடத்தில் அமர மாட்டான்.

சென்ற ஆண்டு அவனுடைய ஆசிரியை, "மருத்துவரிடம் காட்டுங்கள்" என்றார். தந்தையார் சினந்து, "நோய் பிள்ளைக்கு இல்லை, கட்டிப்போடும் படிப்புக்குத்தான்" என்றார். இவ்விருவருள் யார் கூற்று மெய்?

ஏ.டி.எச்.டி. என்று இன்று வழங்கும் இந்நிலை நேற்றுத் தோன்றியதன்று. 1902-இல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அறிவிருந்தும் தம்மை அடக்க இயலாத குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்குக் காவிரி மின்சாரம் வந்ததும் அதே ஆண்டில்தான். உலகக் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐவர் இந்நிலையினர் என மதிப்பிடுகின்றனர். இதில் பரம்பரையின் பங்கு பெரிதென்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன.

எனினும் தந்தையார் பக்கமும் சான்று உண்டு. கென்யாவின் அரியால் மக்களைப் பற்றி 2008-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இந்நிலையோடு தொடர்புடையதாகக் கருதப்படும் மரபணு வகை ஒன்றை உடைய ஆடவர், நாடோடிகளாய் மேய்ச்சல் தொழில் செய்தபோது நல்ல உடல்வளம் பெற்றிருந்தனர். ஓரிடத்தில் குடியேறியவரிடையே அவ்வகையினர் மெலிந்திருந்தனர். மரபணு ஒன்றே; வாழ்க்கை மாறவே பயனும் மாறிற்று.

அங்ஙனமாயின், பழந்தொழில் யாவும் இத்தகையோர்க்கு உகந்தவையோ? இதனைத் தந்தையாரிடமே கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், சுரங்கத்தில் திரி கொளுத்தியபின் எத்தனை வெடி வெடித்ததென்று எண்ண வேண்டும் என்றார். துடியான தோழர் ஒருவர் கணக்கைத் தவறவிட்டார். வெடிக்காதிருந்த துளையில் கை வைத்து விரல்களை இழந்தார். ஆகவே, அலுவலகம் மட்டுமே கவனத்தைக் கேட்கிறது என்பது பிழை. சுரங்கம் அதனை உயிரோடு சேர்த்துக் கேட்டது.

மருத்துவர் வகுத்துள்ள அளவுகோல் இங்கே நமக்கு உதவும். பன்னிரண்டு வயதுக்கு முன்னரே குறிகள் தோன்றியிருத்தல் வேண்டும். ஓரிடத்தில் மட்டுமன்றி, இரண்டு இடங்களிலேனும் அவை காணப்பட்டு வாழ்வுக்கு இடையூறு செய்தல் வேண்டும். வகுப்பறையில் மட்டும் தொல்லையெனில், முதலில் வகுப்பறையை ஆராய்க. வீட்டிலும், தெருவிலும், விளையாட்டிலும் பிள்ளை அல்லலுறின், அது கோளாறே. இடம் மாற்றுவதால் மட்டும் தீராது.

என் மகன் சாலையைப் பாராமல் ஓடுவான்; தோழரோடு ஆட்டத்தில் தன் முறைக்குக் காத்திராமையால் தனித்து நின்றான். ஆகவே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். சிகிச்சை நடைபெறுகிறது. பாடத்தைக் கால்மணிக் கூறுகளாகப் பிரித்துள்ளோம். ஒவ்வொரு கூறும் முடிந்தவுடன், "போ, தெருமுனைவரை ஓடி வா" என்று அனுப்புபவர் என் தந்தையாரே. மருந்தும் வேண்டும், ஓடுவதற்கு இடமும் வேண்டும் என்பதே எங்கள் வீட்டில் கண்ட முடிவு.