ஈறு நோயும் எலும்பு ஒட்டும்

 

ஒட்டு என்றதும் நமக்கு நாற்றுமேடைதான் நினைவுக்கு வரும். நல்லினப் பால்மரத்தின் மொட்டை இளங்கன்றின் பட்டைக்குள் பொருத்திப் பிளாஸ்டிக் நாடாவால் இறுகச் சுற்றுகிறோம். அக்கட்டின் காப்பில் மொட்டு பிடித்துக்கொள்கிறது. ஈறு நோயால் கரைந்த தாடை எலும்பை மீட்கும் அறுவையும் ஏறத்தாழ இத்தகையதே.

பல்லின் அடியில் படியும் அழுக்கு நாளடைவில் காரையாக இறுகுகிறது. கிருமிகளால் ஈறு வீங்கி, பல்லுக்கும் ஈறுக்கும் இடையே பள்ளம் உண்டாகி, உள்ளே எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. பெரும்பாலும் இதில் வலியே இராது, அதுதான் கொடுமை. துலக்கும்போது கசியும் இரத்தத்தை நாம் பொருட்படுத்துவதில்லை. பல் ஆடிய பிறகே மருத்துவரைத் தேடுகிறோம்.

மருத்துவர் முதலில் காரையை வேர்வரை சுரண்டி நீக்குவார். அதன் பின்னரும் ஆழமான பள்ளம் எஞ்சினால்தான் அறுவை. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறை விலக்கி, குழியில் எலும்புத் துகளை நிரப்பி, மெல்லிய சவ்வால் மூடித் தைப்பர். ஈறின் மேல்தோல் விரைந்து வளர்வது; எலும்பும், பல்லைப் பிணைக்கும் நார்களும் மெதுவாக வளர்வன. சவ்வு தடுக்காவிடில் மேல்தோல் முந்திக்கொண்டு குழிக்குள் இறங்கிவிடும். 1982-இல் ஸ்டூரே நைமன் முதலிய ஸ்காண்டிநேவிய அறிஞர்கள், ஒருவரின் கீழ் முன்பல்லில் வடிதாளைச் சவ்வாக வைத்து இதனை மெய்ப்பித்தனர். 1990-களில் பல் மருத்துவர் கையாளும் ரப்பர்த் தாளையும் சிலர் சவ்வாக வைத்துப் பார்த்தனர். அந்தப் பால் நம் நாட்டு மரத்தில் சீவியதோ என்னவோ!

இன்று பயன்படும் சவ்வுகள் பல, தாமாகவே கரைந்துவிடுவன. அவற்றுள் பல பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுக்கப்படுவன. எலும்புத் துகளிலும் மாட்டெலும்பு உண்டு. இந்துக்களும் முஸ்லிம்களும் கொண்ட தயக்கம் இயல்பானதே. அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் கேட்டறிவது நம் உரிமை.

இவ்விடத்தில் நம் கெடா மாநிலத்துக்குப் பெருமை உண்டு. 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்கா என்றால் மின்னணுத் தொழிற்சாலைகளையே எண்ணுகிறோம். அங்குதான் சிரிம் நிறுவனத்தின் உயர்தரப் பொருள் ஆய்வு மையம் அமைந்தது. மலேசியச் சுண்ணாம்புக் கல்லைக் கொண்டு ‘கிரானுமாஸ்’ என்னும் செயற்கை எலும்புத் துகளை உருவாக்கியது அம்மையமே. நம் எலும்பிலுள்ள தாதுவை ஒத்த அத்துகள், கொடிக்குக் கொழுகொம்புபோல் புது எலும்புக்குப் பற்றுக்கோடாகிறது. விலங்குப் பொருள் அதில் இல்லை. (வெற்றிலையோடு மெல்லும் சுண்ணாம்பு எலும்பாகுமா எனக் கேட்க வேண்டா, அது காரை படியவே துணைபுரியும்.)

எல்லாருக்கும் இவ்வறுவை கைகொடுக்காது. கிணறுபோல் ஆழ்ந்த குழியில்தான் துகள் நிற்கும். எலும்பு எங்கும் சமமாகத் தேய்ந்திருந்தால் நிற்காது. புகைப்போருக்கும், நீரிழிவைக் கட்டுப்படுத்தாதோருக்கும் பலன் குறைவு. ஆழமாகச் சீவிக் காயப்பட்ட மரத்தில் பட்டை செவ்வனே வளராததை நாம் அறிவோம் அல்லவா?

அறுவைக்குப் பின் சில வாரங்கள் தைத்த இடத்தில் பிரஷ் படலாகாது. மருத்துவர் தரும் மருந்துநீரால் கொப்பளிக்க வேண்டும். புது எலும்பு ஏறியிருப்பது ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்தே எக்ஸ்ரே படத்தில் தெரியவரும்.