பாதை யாருடையது?
பிரிட்டனின் சைக்கிள் பாதைகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சைக்கிள் பாதை பற்றிப் பேச வந்திருக்கிறேன். வெள்ளைக்காரன் லீவு நாளில் சைக்கிள் விடுற கதை நமக்கு எதுக்குன்னு உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் பாதை என்பது நம்முடைய பழைய அரசியல். 1924இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு உரிமை உண்டு என்பதுதான். அதே ஆண்டு வைக்கத்தில் நடந்ததும் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்கான போராட்டம். ஆகவே இன்னொரு நாட்டில் ஒரு பொதுப் பாதை எப்படி உண்டாகிறது, அதில் யார் போக முடிகிறது, யார் போக முடியாமல் நிற்கிறார்கள் என்று பார்ப்பது நமக்கு வேண்டிய வேலை.

பிரிட்டனில் 'தேசிய சைக்கிள் வலைப்பின்னல்' என்று ஒன்று இருக்கிறது. இதை முதலில் அரசாங்கம் போடவில்லை. 1977இல் பிரிஸ்டல் நகரத்தில் சைக்கிள்காரர்கள் சிலர் கூடி ஆரம்பித்த குழுதான் பின்னால் 'சஸ்ட்ரான்ஸ்' என்ற அறக்கட்டளை ஆயிற்று. அவர்கள் கையில் எடுத்தது கைவிடப்பட்ட ரயில் பாதைகளை. 1963இல் பீச்சிங் என்பவரின் அறிக்கை 2,363 ரயில் நிலையங்களை மூடச் சொன்னது. லாபம் இல்லை என்பது காரணம். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மண்மேடும் பாலமும் சுரங்கமும் அப்படியே கிடந்தன. ரயில் போன வழி என்பதால் ஏற்றமும் மெதுவான ஏற்றம்தான். லாரி, கார் தொல்லை கிடையாது. பிரிஸ்டலுக்கும் பாத் நகரத்துக்கும் இடையே இப்படிக் கிடந்த வழியில் 1979இல் வேலை தொடங்கி 1986க்குள் 13 மைல் பாதை போட்டு முடித்தார்கள். மண் சுமந்தவர்கள் தன்னார்வலர்கள். 80களில் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தபோது, அரசின் வேலைத் திட்டத்தின் கீழ் வந்த வேலையற்றவர்களும் இப்படிப்பட்ட பாதைகளில் உழைத்தார்கள். வரைபடத்தில் இவர்கள் பெயர் இருக்காது. எந்தச் சாலையின் வரைபடத்தில் போட்டவன் பெயர் இருக்கிறது?

1995இல் லாட்டரிப் பணத்திலிருந்து 4 கோடியே 35 லட்சம் பவுண்டு மானியம் கிடைத்தது. 2000இல் 5,000 மைல் என்று திறந்தார்கள். 2005இல் 10,000 மைல். ஒவ்வொரு பாதைக்கும் எண் உண்டு. ஓரிலக்க, ஈரிலக்க எண் என்றால் தேசியப் பாதை. சிவப்புக் கட்டத்தில் எழுதியிருக்கும். மூன்றிலக்கம் என்றால் வட்டாரப் பாதை, நீலக் கட்டம். 1ஆம் எண் டோவர் துறைமுகத்தில் தொடங்கி ஸ்காட்லாந்தின் வடக்குக்குப் போகிறது. 4ஆம் எண் லண்டனிலிருந்து வேல்ஸின் மேற்குக் கடற்கரைக்கு. 1994இல் திறந்த 'கடலிலிருந்து கடலுக்கு' என்ற பாதை, 1980இல் எஃகு ஆலை மூடப்பட்ட கான்செட் ஊர் வழியாகப் போகிறது. உலை அணைந்த ஊரில் இன்று சைக்கிள் பயணிகள் டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். இதையும் நாம் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

நெடுந்தூரப் பாதைக்குத்தான் புகழ், புகைப்படம் எல்லாம். ஆனால் அன்றாடம் பாதையில் இருப்பவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, வேலைக்குப் போகிறவர், கடைக்குப் போகிற கிழவி. ஒன்றிரண்டு மைல் போய்த் திரும்புகிறவர்கள். வீட்டு வாசலிலிருந்து அந்த எண் போட்ட பாதை வரைக்கும் போக ஒழுங்கான வழி இல்லாவிட்டால், ஆயிரம் மைல் நீளமிருந்தும் அவர்களுக்கு அது இல்லாத பாதைதான்.

நிலம் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். அங்கே பொதுப் பாதை தானாகக் கிடைத்துவிடவில்லை. 1894இல் பர்மிங்காமில் தொடங்கிய 'கிளாரியன்' சைக்கிள் சங்கத்தார் சோசலிசப் பத்திரிகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 1932 ஏப்ரல் 24இல் கிண்டர் ஸ்கவுட் மலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அத்துமீறி ஏறினார்கள். பணக்காரர்களின் பறவை வேட்டைக்காக மூடிவைத்திருந்த நிலம் அது. முன்னால் நின்றவர் பென்னி ராத்மன் என்ற 20 வயது யூதத் தொழிலாளி, கம்யூனிஸ்ட். போலீஸ் ரயிலடியில் காத்திருக்க, அவர் சைக்கிளில் போய்ச் சேர்ந்தார்! ஐந்து பேருக்குச் சிறை. குதிரைப் பாதைகளில் சைக்கிள் விடும் உரிமை சட்டமாக 1968 வரை ஆயிற்று.

இன்றும் அந்த வலைப்பின்னலில் அறக்கட்டளைக்குச் சொந்தமான நிலம் மிகச் சிறு பங்குதான். மற்றது உள்ளாட்சிகளுடையது, தனியாருடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு சட்டம் உண்டு. ஒரு வழியில் மக்கள் 20 ஆண்டு தடையில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் போய்வந்தால் அது பொதுப் பாதையாகிவிடும். நிலக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 'என் அனுமதியின் பேரில் போகிறீர்கள்' என்று பலகை வைக்கிறார்கள். சிலர் ஆண்டில் ஒரு நாள் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். ஒரே ஒரு நாள்! 364 நாள் நடந்தது உரிமை இல்லை, தயவு என்று காட்ட அந்த ஒரு நாள் போதும். அனுமதிக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது.

2018இல் அந்த அறக்கட்டளை தன் பாதைகளைத் தானே அளந்து பார்த்து ஒரு அறிக்கை வெளியிட்டது. மொத்தம் 16,575 மைல். வங்கியில் கணக்குப் பார்க்கிறவன் என்கிற முறையில் எனக்குத் தெரியும், மொத்தத் தொகை எதை வேண்டுமானாலும் மறைக்கும். அவர்கள் வைத்த அளவுகோல் வேறு. 12 வயதுப் பிள்ளை ஒன்று இந்த வழியில் தனியாகப் போக முடியுமா? இந்த ஒரு கேள்வியில் பாதிக்குச் சற்று மேல்தான் தேறியது. மற்றது பெரும்பாலும் வண்டிகள் சீறிப்பாயும் சாலையில் வெறும் பலகை. வழியில் 16,000க்கும் மேற்பட்ட தடுப்புகள். மோட்டார் சைக்கிள் நுழையக் கூடாதென்று வைத்தவை. சக்கர நாற்காலியும் மூன்று சக்கர சைக்கிளும் அங்கேயே நின்றுவிடுகின்றன. வைத்தவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை, தோழர்களே. யாரை நினைக்காமல் வைத்தானோ அவரைத்தான் அது தடுக்கிறது. 2020இல் நான்கில் ஒரு பங்கு நீளத்தை வலைப்பின்னலிலிருந்து நீக்கினார்கள், அல்லது தனியாக வகைப்படுத்தினார்கள். பத்திரமில்லாத பாதையைக் கணக்கில் காட்ட மாட்டோம் என்று நீளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். நம் அரசாங்கம் எதாவது இப்படித் தன் கணக்கைத் தானே வெட்டியதுண்டா?

இங்கே வருவோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். 2001இல் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005இல் எல்லா மாணவர்களுக்கும் என்று விரிந்தது. நல்லது. சைக்கிள் வந்தது, பாதை? ஊர்த்தெரு வந்தால் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகணும் என்ற வழக்கத்தை நம் அப்பா, தாத்தா காலத்து மனிதர்களிடம் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கும் அது முற்றாகச் செத்துவிட்டது என்று சொல்ல இங்கே யாராவது கை தூக்குவீர்களா?

2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் விதியைப் படியுங்கள். சமவெளியில் ஒரு குடியிருப்பு, நல்ல சாலையிலிருந்தோ சாலை வந்துவிட்ட குடியிருப்பிலிருந்தோ 500 மீட்டருக்குள் இருந்தால் அது இணைக்கப்பட்டதாகவே கணக்கு. சேரி எங்கே இருக்கிறது? ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில். வேலைக்குக் கூப்பிட்டால் கேட்கணும், தண்ணி எடுக்க வந்தால் தள்ளி நிற்கணும், அந்த அளவு தூரம். ஊருக்குச் சாலை வந்தால் சேரிக்கும் வந்ததாகக் காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம். விதியில் சாதி என்ற சொல்லே கிடையாது. அந்த 500 மீட்டருக்குள்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

அதைவிடக் கொடுமை சுடுகாட்டுப் பாதை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, நிலத்தின் வழியே போக விடாததால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். எல்லோரும் படத்தில் பார்த்தோம். அங்கே 20 ஆண்டு நடந்தால் பாதை உரிமையாகிறது என்றால், தலைமுறை தலைமுறையாகப் பிணம் தூக்கிப் போன வழி இங்கே ஏன் இன்னும் 'அவங்க நிலம்' என்றே இருக்கிறது? ஒவ்வொரு சாவுக்கும் ஏன் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்?

பிரிட்டனைச் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பாதைகளின் ஓரத்தில் இருக்கிற நிலமும் மாளிகையும் யார் உழைப்பில் வந்தவை என்று நமக்குத் தெரியும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அளவுகோலை. மொத்த நீளத்தைக் கேட்காதே; பலமில்லாத ஆள் ஒருத்தர் கடைசி வரை தனியாகப் போக முடிகிறதா என்று கேள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சேரியிலிருந்து பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம், சுடுகாடு, இந்த நான்கு வழியையும் நடந்து அளந்து எழுதுங்கள். எந்த இடத்தில் தார் முடிகிறது, எங்கே விளக்கு இல்லை, எந்தத் தெரு வந்தால் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை சைக்கிளை விட்டு இறங்குகிறாள், யார் அனுமதியில் பிணம் போகிறது. வருவாய்த் துறையின் புலப்படத்தில் அந்த வழிக்குப் புல எண் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் மனு போட்டுக் கேளுங்கள். இருந்தால் எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் அதையும் எழுத்திலேயே வாங்குங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டுகளோடு வாருங்கள். அங்கிருந்து பேசுவோம்.