அடைப்பு நீங்கிய பின் முதல் சில நிமிடங்கள்

 

நான் முதுநிலை மாணவனாக இருந்தபோது, நெஞ்சுவலியோடு நள்ளிரவில் வந்த ஒரு விவசாயிக்கு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றினோம். ஒரு மணி நேரத்தில் வலி தணிந்தது. ஈசிஜியில் மேலெழுந்திருந்த கோடும் இறங்கியது. "அடைப்பு விட்டுப்போச்சும்மா, இனிப் பயமில்லை" என்று அவர் மனைவியிடம் நான்தான் சொன்னேன். விடிவதற்குள் அவருக்கு மூச்சுத்திணறல் வந்துவிட்டது. ஆறு வாரம் கழித்து எடுத்த எக்கோவிலும் இதயத்தின் முன்சுவர் அசையவில்லை. குழாய் திறந்திருந்தது, தசை மீளவில்லை. அந்த அம்மாவிடம் நான் சொன்னதில் எது விடுபட்டது என்ற கேள்வி என்னை விட்டு அகலவே இல்லை. மறுஓட்டக் காயம், அதாவது நின்ற ரத்தம் திரும்பி வரும்போது அதுவே தசைக்கு இழைக்கும் கேடு, இன்று இந்தக் கருத்தரங்கின் பேசுபொருளாக இருப்பது அதனால் எனக்கு நெருக்கமானது.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் திரும்பாவிட்டால் அந்தத் தசைக்குப் பிழைப்பே இல்லை. திசுவின் சாவு இதயச்சுவரின் உள்பக்கம் தொடங்கி, நேரம் ஆக ஆக வெளிப்பக்கம் நோக்கி அலைபோல் பரவுகிறது என்று 1977இல் ரைமர், ஜென்னிங்ஸ் குழுவினர் காட்டினர். ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் உயிர் காக்கின்றன என்பதை, 17,187 நோயாளிகள் பங்கேற்ற ஐசிஸ்-2 ஆய்வு 1988இல் ஐயமற நிறுவியது. ஆகவே இந்த அரங்கில் நாம் பேசும் எதுவும் அடைப்பைத் திறக்கத் தாமதிப்பதற்குச் சாக்காகிவிடக் கூடாது.

நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு நம் வீடுகளில் உடனே இலை போட்டுச் சோறு பரிமாறமாட்டார்கள், முதலில் கஞ்சித்தண்ணீர்தான். பசித்த செல்லின் நிலையும் அப்படித்தான். ஆக்சிஜன் இல்லாதபோது செல்லுக்குள் அமிலம் சேர்கிறது. அந்த அமிலத்தை வெளியேற்றும் முயற்சியில் சோடியம் உள்ளே வருகிறது. சோடியத்தை வெளியேற்றப் போய்க் கால்சியம் குவிகிறது. ஆனாலும் அந்த அமிலமே ஒரு தடுப்பாகவும் நிற்கிறது. தசைநார்கள் வெறிகொண்டு சுருங்காமலும், மைட்டோகாண்ட்ரியாவின் சவ்விலுள்ள துளை திறக்காமலும் அது பார்த்துக்கொள்கிறது.

ரத்தம் பாய்ந்ததும் சில நிமிடங்களில் அமிலம் கழுவப்பட்டுவிடுகிறது, தடுப்பு போய்விடுகிறது. கால்சியம் நிறைந்த செல்லுக்கு ஆற்றலும் திரும்ப, தசைநார்கள் இறுகிச் செல்லையே கிழிக்கின்றன. அடைப்பின்போது செல்லில் தேங்கியிருந்த சக்சினேட் என்னும் பொருள் ஒரே வேகத்தில் எரிந்து, தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்குகிறது என்று 2014இல் சௌச்சானி குழுவினர் விளக்கினர். துளை திறந்து மைட்டோகாண்ட்ரியா வீங்கி உடைகிறது. நுண்குழாய்களும் வீங்கி அடைத்துக்கொள்வதால், பெரிய குழாய் திறந்திருந்தும் தசைக்கு ரத்தம் எட்டாமல் போவதுண்டு.

திரும்பிய ரத்தம் உயிரோடிருந்த செல்லைக் கொல்கிறதா, எப்படியும் சாகவிருந்த செல்லின் சாவை விரைவுபடுத்துகிறதா? 1960இல் ஜென்னிங்ஸ் நாய்களின் இதயக்குழாயைச் சற்று நேரம் அடைத்துத் திறந்து பார்த்த காலம்தொட்டு இருந்துவந்த வழக்கு இது. 2003இல் ஜாவோவும் வின்டன்-ஜோஹான்சனும் விடைக்கு வழி காட்டினர். நாயின் இதயக்குழாயை ஒரு மணி நேரம் அடைத்துத் திறந்தபின், 30 விநாடி ஓட்டம், 30 விநாடி அடைப்பு என மூன்று சுற்று செய்தார்கள். சேதம் கணிசமாகக் குறைந்தது. திறந்த பிறகு செய்த ஒன்றால் தசை பிழைத்தது என்றால், திறந்த பிறகும் இழப்பு நேர்ந்துகொண்டிருந்தது என்றுதானே பொருள்!

இவ்வளவு தெரிந்தும் நோயாளியின் கட்டிலருகே நம் கை வெறுங்கையாகவே இருக்கிறது. அந்த மைட்டோகாண்ட்ரியத் துளை திறப்பதைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து 2008இல் 58 பேரிடம் நம்பிக்கை தந்தது. 2015இல் 970 பேரிடம் சோதித்தபோது பயனில்லை. கையில் பட்டையைக் கட்டி இறுக்கித் தளர்த்தும் முறை, 5,401 பேர் சேர்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில் பலன் தரவில்லை. இவற்றைத் தோல்வி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆய்வுக்கூட விலங்கு இளமையானது, நோயற்றது. அதன் குழாயை அடைத்த நிமிடமும் நமக்குத் தெரியும். நம் நோயாளிக்கோ சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, பல ஆண்டுப் புகைப்பழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் தாமதமாக வருகிறார். காப்பாற்றத் தசையே மிஞ்சாதபோது எந்த மருந்து எதைக் காக்கும்?

20,468 நோயாளிகளைப் பதிவுசெய்து 2008இல் வெளியான இந்திய ஆய்வான கிரியேட், வலி தொடங்கி மருத்துவமனை சேரும் இடைநிலை நேரம் 360 நிமிடம் என்றது. ஆறு மணி நேரம்! தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைத்துச் செய்த மாரடைப்புத் திட்டத்தின் முடிவுகள் 2017இல் வெளியாயின. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் திட்டத்துக்கு முன் 17.6 சதவீதம், பின் 14.2 சதவீதம். நேரத்தைச் சுருக்குவதும் இணைப்பைப் பலப்படுத்துவதும் இதயத்தசைக் காப்பில் சேர்ந்தவையே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கருத்தரங்கில் பேச வந்திருப்போரிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். ஆய்வாளர்களே, வயதான, சர்க்கரைநோய் உள்ள விலங்குகளில் உங்கள் மருந்துகளைச் சோதியுங்கள். பலன் தராதவற்றையும் மறைக்காமல் இந்த மேடையில் வையுங்கள். மருத்துவர்களே, ஸ்டென்ட் வைத்ததோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். தசை வரை ரத்தம் எட்டியதா, கோடு முழுதாக இறங்கியதா, ஆறு வாரத்தில் சுவர் அசைந்ததா என்று ஒவ்வொருவருக்கும் எழுதிவையுங்கள். அந்தப் பதிவேடு இல்லாமல் எந்தப் புதிய சிகிச்சையையும் நாம் எடைபோட முடியாது.

அந்த விவசாயியின் மனைவியிடம் இன்று பேச நேர்ந்தால், "அடைப்பு விட்டுப்போச்சும்மா, தசை எவ்வளவு பிழைச்சிருக்குன்னு இனிமேதான் பார்க்கணும், பக்கத்திலேயே இருக்கோம்" என்று சொல்வேன். அதைவிட உறுதியான சொல்லை நாளைய மருத்துவர்கள் சொல்ல வேண்டும். அதற்கான உழைப்பு இங்கே தொடங்கட்டும் என்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.