சாவிக்கொத்தும் சிரிப்பும்

(பாலிகஞ்ச் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கத்தின் படக்காட்சிக்கு சோவியத், போலந்து நகைச்சுவைப் படங்களை எடுப்போம் என்றதும் நம்மில் சிலர் முகம் சுளித்தார்கள். சோஷலிச நாட்டு வீட்டு நிலைமையைப் பார்த்துச் சிரிப்பது எதிரிக்குத் தீனி போடுவதாகாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

எல்தார் ரியாசனோவின் ‘விதியின் விளையாட்டு’ 1976 ஜனவரி 1 அன்று சோவியத் தொலைக்காட்சியில் வந்தது. மாஸ்கோ டாக்டர் ஒருவர், புத்தாண்டுக்கு முதல் நாள் குடித்த போதையில், லெனின்கிராடுக்கு விமானம் ஏறிவிடுகிறார். மாஸ்கோவில்தான் இருக்கிறோம் என்று நினைத்து டாக்ஸிக்காரரிடம் தன் தெருப் பெயரைச் சொல்கிறார். அங்கும் அதே பெயரில் ஒரு தெரு! அதே கட்டடம், அதே கதவு எண். சாவியும் திறக்கிறது. நிம்மதியாகப் படுத்துத் தூங்குகிறார். வீட்டுக்காரி வந்து பார்த்தால் கட்டிலில் யாரோ ஒரு ஆள்! (சிரிப்பு)

ஏன் எல்லாம் ஒரே அச்சு? அதற்கு முன் மாஸ்கோவில் ஒரு வீட்டில் பல குடும்பங்கள். ஒரே சமையலறை, ஒரே கக்கூஸ். இன்ன குடும்பத்துக்கு இத்தனை மணி அடிக்க வேண்டும் என்று வாசலில் கணக்கு. 1957க்குப் பின், குருஷேவ் காலத்தில், ஆலையில் வார்த்த சுவர்களைக் கொண்டுவந்து பொருத்தி, கோடிக்கணக்கானோருக்குத் தனி வீடு கொடுத்தார்கள். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில், வாடகை அற்பம். சலாமி கொடுத்து லேக் மார்க்கெட் பக்கம் ஓர் அறை பிடித்த நமக்கு அந்தச் சாவி கசக்குமா? அந்தப் படத்துக்கு 1977இல் சோவியத் அரசே பரிசும் கொடுத்தது.

போலந்துக் கதை வேறு. ஸ்தனிஸ்லாவ் பரேயா 1983இல் எடுத்த ‘ஆல்தெர்னாத்திவி 4’ தொடரில், புது அடுக்குமாடியைப் பார்த்துக்கொள்ள வந்த ஆள், குடியிருப்போரை ஆட்டிப்படைக்கிறான். அவன் வைத்ததே சட்டம். அந்தத் தொடர் 1986இல்தான் மக்கள் கண்ணில் பட்டது. செங்கல்லைக் கேலி செய்தால் பரிசு, சாவிக்கொத்து வைத்திருப்பவனைக் கேலி செய்தால் பெட்டிக்குள் பூட்டு!

நாம் மட்டும் என்ன செய்தோம்? 1968இல் ‘எதிர்நீச்சல்’ படத்தில் ஒண்டுக்குடித்தனத்தின் மாடிப்படிக்கு அடியில் கிடந்த நாகேஷைப் பார்த்துச் சிரித்தோம். வங்காளத் தோழர்கள் 1953இல் ‘சாரே சுவாத்தர்’ படத்து மெஸ் வீட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். இங்கே 1977 முதல் 2011 வரை இடதுசாரி ஆட்சி. வாடகைத் தகராறு என்றால் பேட்டைக் கட்சி அலுவலகத்துக்குத்தான் ஓடினோம். குடியிருப்பவனுக்கு நியாயம் கிடைத்ததும் உண்டு, கிடைக்காததும் உண்டு. அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் துணிவு வந்ததா? வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தோம்.

ஆகவே இரண்டையும் திரையிடுவோம். போலந்துத் தொடரில் முதல் பகுதி மட்டும் போதும். நம் செயலாளரிடமும் ஒரு சாவிக்கொத்து இருக்கிறது, அவரும் முன்வரிசையில் உட்காரட்டும்! (சிரிப்பு, கைதட்டல்) வசனத்தைத் தமிழில் எடுத்துச் சொல்ல இருவர் தேவை. பெயர் கொடுங்கள்.