துணையின்றி ஒரு தேர்வு



திருக்குறுங்குடியிற் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பேருந்துத் தொழில் தொடங்கினார். கல்லிடைக்குறிச்சிச் சங்கரலிங்க ஐயர் நிறுவிய கம்பெனி 1949-இல் தாழையூத்தில் சிமெண்டு செய்யத் தொடங்கிற்று. இவர்கள் தொழிலில் இறங்கியே வணிகம் கற்றவர்கள். அதற்கென நுழைவுத் தேர்வு எழுதியவர்கள் அல்லர். இன்று வேறொரு வாயிலும் திறந்திருக்கிறது. 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தோன்றிய இந்திய மேலாண்மைக் கழகங்கள் இப்பொழுது இருபதுக்கு மேற்பட்டுவிட்டன. 2011 முதல் திருச்சிராப்பள்ளியிலும் ஒன்று நடைபெறுகிறது. அவற்றில் நுழைவதற்குரிய பொதுத் தேர்வைக் 'கேட்' என்று சுருக்கி வழங்குவர். பொறியியலார் எழுதும் 'கேட்' வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். விண்ணப்பிக்கும்போது கவனம் வேண்டும்!

சென்ற ஆண்டு முக்கூடலிலிருந்து ஒரு மாணவி என்னைக் காண வந்தாள். தாயார் பீடி சுற்றிப் படிக்க வைக்கிறார். "பயிற்சி நிலையத்திற்குப் பணம் கட்ட வீட்டில் வழியில்லை, ஐயா. நானாகவே படித்தால் முடியுமா?" என்று கேட்டாள். முடியும் என்றேன். வெறும் ஆறுதலுக்காகச் சொன்னதன்று. காரணத்தை இங்கே விளக்குகிறேன்.

இத்தேர்வு இரண்டு மணி நேரம் கணிப்பொறியில் நடைபெறுவது. ஆங்கில மொழித்திறன் ஒரு பகுதி, புள்ளிவிவரமும் தருக்கமும் சேர்ந்தது மற்றொன்று, கணிதம் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம். ஒன்றில் மிச்சப்பட்ட நேரத்தை மற்றொன்றுக்குத் திருப்ப இயலாது. 2024-இல் கேட்கப்பட்டவை மொத்தம் 68 வினாக்கள். சரியான விடைக்கு மூன்று மதிப்பெண்; நான்கு விடைகளுள் ஒன்றைத் தேரும் வினாவில் தவறினால் ஒன்று குறையும். விடையை நாமே தட்டெழுதும் வினாக்களில் தவறினாலும் குறைவதில்லை.

ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் எழுதுகிறார்கள் என்றதும் அஞ்சுகிறோம். ஆனால் அண்மை ஆண்டுகளில், மொத்த மதிப்பெண்ணில் பாதியை எட்டாதவர்களே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரை முந்தியிருக்கிறார்கள். ஆகவே எல்லா வினாக்களுக்கும் விடை எழுதவேண்டும் என்னும் பள்ளிக்கூடப் பழக்கம் இங்கே பகையாகிறது. எதை எழுதுவது என்பதைக் காட்டிலும் எதை விடுவது என்பதே பெரிய கேள்வி.

ஊகித்து எழுதலாமா என்று பலரும் கேட்பதுண்டு. கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், நான்கு முறைக்கு ஒருமுறை மூன்று மதிப்பெண் வரும். மூன்றுமுறை ஒவ்வொன்று போகும். வரவும் செலவும் சமம். ஒரு விடை நிச்சயமாகத் தவறென்று தள்ள முடிந்தாலோ, மூன்று முறைக்கு மூன்று வந்து இரண்டு போகும், ஒன்று மிஞ்சும். இச்சிறு கணக்கை அறிந்தவன் பதற்றமின்றித் துணியலாம்.

கணிதப் பகுதி பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் படித்ததே. விகிதம், சதவீதம், காலமும் வேகமும், இயற்கணிதம், வடிவகணிதம். நம் முன்னோர் எண்சுவடியை மனனம் செய்தார்கள். மா என்பது இருபதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு ஐந்து. காணி என்பது எண்பதில் ஒன்று, நூற்றுக்கு ஒன்றேகால். பின்னங்களை இவ்வாறு சதவீதமாக நாவில் வைத்திருப்பவனுக்குத் திரையில் கணக்குப்பொறி இருந்தாலும் அதைத் தேடும் வேலை குறையும்.

புள்ளிவிவரப் பகுதிக்கு விலையுயர்ந்த புத்தகம் தேவையில்லை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டமும் நீர்வரத்தும் வெளியேற்றமும் நம் நாளிதழ்களில் வருகின்றன. அதை எடுத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 1,000 கன அடி வருகிறது, 400 கன அடி வெளியேறுகிறது என்றால், ஒரு நாளில் அணையில் சேர்வது எவ்வளவு? ஒரு நாளைக்கு 86,400 வினாடி. அதை 600-ஆல் பெருக்கினால் 5 கோடியே 18 லட்சத்து 40 ஆயிரம் கன அடி. தேர்வில் 'ஐந்து கோடிக்குச் சற்று மேல்' என்பதே பல வேளைகளில் போதும். அடுத்து இதைக் கேளுங்கள்: பாபநாசம் அணையின் உயரம் 143 அடி, 71½ அடி நீர் நின்றால் அணை பாதி நிறைந்ததாகுமா? ஆகாது. மலையிடுக்கில் அமைந்த நீர்த்தேக்கம் அடியில் குறுகி மேலே விரிவது. பாதி உயரத்தில் பாதிக்கும் மிகக் குறைந்த நீரே இருக்கும். அட்டவணையில் உள்ள எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று இவ்வாறு வினவும் பழக்கமே இப்பகுதிக்கு வேண்டிய படிப்பு. ஒரு மாதத்து அணைக் கணக்கைத் தாளில் எழுதி, அதிலிருந்து பத்துக் கேள்விகளை நீங்களே அமைத்துப் பாருங்கள். கேள்வி அமைக்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம்.

நம் பக்கத்து மாணவர் பெரிதும் இடறுவது ஆங்கிலத்தில். சொற்பட்டியல்களை உருப்போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம் போன்ற இடங்களில் அமர்ந்து, தத்துவம், உயிரியல், பொருளாதாரம் என உங்களுக்குப் பழக்கமில்லாத பொருள்பற்றிய கட்டுரையொன்றை நாள்தோறும் படியுங்கள். படித்தபின் மூடிவைத்துவிட்டு, ஆசிரியர் எதை நாட்டுகிறார், எதை மறுக்கிறார் என்பதை இரண்டே வாக்கியங்களில் தமிழில் சொல்லுங்கள். தமிழில் சொல்ல வராவிட்டால் ஆங்கிலத்திலும் விளங்கவில்லை என்றே பொருள்.

பயிற்சி நிலையங்களை நான் இகழவில்லை. அவை ஒழுங்கையும் தோழமையையும் தருகின்றன. தனியே படிப்பவனுக்கு ஆசிரியர் இல்லாமை பெருங்குறையன்று. குற்றங்காண்போர் இல்லாமையே குறை. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். 2017 முதலான ஆண்டுகளின் வினாத்தாள்கள் வெளிவந்துள்ளன. ஒன்றை நேரம் வைத்து எழுதுங்கள். எழுதிய நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் திருத்துவதில் செலவிடுங்கள். தெரியாமல் தவறியது, தெரிந்தும் கைப்பிழையால் தவறியது, விட்டிருக்க வேண்டியதை விடாமல் ஆறு நிமிடம் போராடியது எனத் தனித்தனியே குறியுங்கள். கடைசி வகைக்கு விடை சரியாகவே வந்திருக்கலாம்; அதனால்தான் அது கண்ணில் படுவதில்லை.

இன்னும் இரண்டு செய்திகளை மறைக்கக் கூடாது. நேர்முகத்திற்கு அழைக்கும்போது பல கழகங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களையும் பார்க்கின்றன. பள்ளியில் இருப்பவர்கள் இதை இன்றே அறிதல் நலம். கட்டணமும் சிறிதன்று, பழைய கழகங்களில் இரண்டாண்டுக்கு இருபது லட்சம் ரூபாயைக் கடந்துவிட்டது. வங்கிக் கடனும் உதவித்தொகையும் உண்டு. எனினும் தேர்வுக்கு முன்னரே வீட்டாருடன் அமர்ந்து பேசிவிடுங்கள்.

விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. தேர்வு நவம்பர் இறுதி ஞாயிற்றுக்கிழமையில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைகளில் நடத்தப்பட்டு வருகிறது. உங்களுக்கு எந்த வேளை என்பது அனுமதிச் சீட்டு வந்த பின்னரே தெரியும். ஆதலால் வீட்டில் எழுதும் மாதிரித் தேர்வுகளை அம்மூன்று வேளைகளிலும் மாற்றி மாற்றி எழுதுங்கள். பகற்சோற்றுக்கு உடல் ஏங்கும் பன்னிரண்டரை மணியையும் விட்டுவிடாதீர்கள்.